அடுப்பு மட்டமாக இருந்தே ஆகவேண்டுமா? எண்ணெய் ஒரே பக்கம் ஓடுகிறது

கிழக்குச்சன்னல்:

வணக்கம் நண்பர்களே. மூன்று வாரமாகத் தீராத ஒரு சிக்கல். சமீபத்தில் வீடு மாறினோம். பழைய வீட்டில் வைத்திருந்த அதே தட்டை வாணலி, அதே எண்ணெய், அதே கை. ஆனால் இங்கே வாணலியை அடுப்பில் வைத்து இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டால், அது சுவர்ப் பக்கமாகப் போய்த் தேங்கிவிடுகிறது. நான் நிற்கும் பக்கம் வறண்டு கிடக்கிறது. முட்டையை அடித்து ஊற்றினால் பின்பக்கம் தடிப்பாகவும் முன்பக்கம் காகிதம் போலவும் படிகிறது. முன்பக்கம் கருகத் தொடங்கும்போது பின்பக்கம் இன்னும் தளதளவென்று ஆடுகிறது.

அடுப்பு தரையில் நிற்கும் வகை. மேலே நான்கு பர்னர், கீழே ஓவன். மாட்டித் தந்தவரிடம் சொன்னேன். "தீ நன்றாக எரிகிறதே, அப்புறம் என்ன" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். தினமும் இதில் நிற்பவள் நான். சமையலுக்கு அடுப்பு மட்டமாக இருக்கவேண்டும் என்பது உண்மையிலேயே ஒரு தேவையா? எவ்வளவு சாய்வு வரை விட்டுவிடலாம்?

உப்புக்கல்:

என் அனுபவத்தைச் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் சமைக்கிறேன், ஐந்து வீடு மாறியிருக்கிறேன். எந்த வீட்டிலும் நான் அடுப்பின் மட்டம் பார்த்ததில்லை. கொதிக்கும் பாத்திரத்துக்குச் சாய்வு தெரியாது. தண்ணீர் தன் மட்டத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். எண்ணெய் ஓடினால் வாணலியின் கைப்பிடியைப் பிடித்து ஒருமுறை சுழற்றுங்கள், பாதி வெந்ததும் வாணலியை அரை வட்டம் திருப்பி வையுங்கள். நல்ல சமையல்காரர்கள் வாணலியை வேண்டுமென்றே சாய்த்து, தேங்கிய வெண்ணெயைக் கரண்டியால் அள்ளி மேலே ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். சாய்வு கைக்குள் அடங்கிய விஷயம். அதற்காக அடுப்பை நகர்த்தப் போய் கேஸ் குழாயில் கைவைப்பது தேவையற்ற ஆபத்து என்பதே என் கருத்து.

ரசமட்டம்:

கட்டட வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் அளவு எடுங்கள் அம்மா. "சாய்ந்திருக்கிறது" என்று சொன்னால் போதாது, எத்தனை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) என்று தெரியவேண்டும்.

60 செ.மீ. நீளமுள்ள ரசமட்டம் ஒன்று இரவல் வாங்குங்கள். அடுப்பின் மேல் முன்பின்னாக ஒருமுறை, இடவலமாக ஒருமுறை வையுங்கள். குமிழ் நடுவில் நிற்கவில்லை என்றால், தாழ்ந்த முனைக்கு அடியில் நாணயங்களை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். குமிழ் நடுவுக்கு வந்ததும் அந்த நாணய அடுக்கின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் அதுதான் சாய்வு. ரசமட்டமே சரியானதா என்று சந்தேகம் இருந்தால் அதே இடத்தில் முனை மாற்றி வைத்துப் பாருங்கள். இரண்டு முறையும் குமிழ் ஒரே பக்கமாக, ஒரே அளவு ஒதுங்கினால் கருவி சரி. வேறுவேறாகக் காட்டினால் கருவியில் பிழை. கைப்பேசியில் வரும் மட்டமும் ஏறக்குறைய சரியாகத்தான் காட்டும், ஆனால் அதையும் இப்படித் திருப்பி வைத்துப் பார்க்காமல் நம்பாதீர்கள். கேமரா புடைத்திருக்கும் பக்கம் கீழே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சமையலறைத் தரையைக் கழுவினால் தண்ணீர் வடியவேண்டும் என்று நாங்களே சாய்வு வைத்துத்தான் போடுவோம். அதில் கொண்டுபோய் நான்கு கால் உள்ள ஒரு பொருளை வைத்தால் அது எப்படி மட்டமாக நிற்கும்? காலைத் திருகி ஏற்றி இறக்கித்தான் ஆகவேண்டும். அதற்காகத்தான் தரையடுப்புகளுக்குத் திருகு கால் கொடுக்கிறார்கள். பல இடங்களில் அடுப்பைப் பக்கத்துச் சமையல் மேடையின் விளிம்போடு ஒட்டி, கண்ணுக்கு ஒரே வரிசையாக நிற்கும்படி வைத்துவிட்டுப் போகிறார்கள். மேடை சாய்ந்திருந்தால் அடுப்பும் அதே சாய்வில் நிற்கும். உங்கள் வீட்டில் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கிழக்குச்சன்னல்:

நன்றி அண்ணா. பக்கத்து வீட்டில் ரசமட்டம் கிடைத்தது. முன்பின்னாக வைத்ததில் சுவர்ப் பக்கம் 6 மி.மீ. தாழ்வு, அதாவது இரண்டு நூல். இடவலமாகக் குமிழ் நடுவிலேயே நிற்கிறது. முனை மாற்றி வைத்தும் பார்த்தேன், அதேதான்.

மேடை மேலும் வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே மேடையும் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது.

ஆனால் 60 செ.மீ.க்கு 6 மி.மீ. என்பது கண்ணுக்கே தெரியாத அளவு. இவ்வளவு சிறிய சாய்வா முட்டையைக் கெடுக்கிறது?

பின்னக்கணக்கு:

கெடுக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம், எளிமையானதுதான்.

60 செ.மீ.க்கு 6 மி.மீ. என்றால் நூற்றுக்கு ஒன்று, ஏறக்குறைய 0.6 பாகை. உங்கள் வாணலியின் உள்ளே தட்டையான அடி 24 செ.மீ. குறுக்களவு என்று வைத்துக்கொள்கிறேன். அடியின் பரப்பு சுமார் 450 சதுர செ.மீ. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் 30 மி.லி. அதை அந்த அடி முழுவதும் சமமாகப் பரப்பினால் ஆழம் எவ்வளவு வரும்? 0.7 மி.மீ.க்கும் குறைவு. இப்போது சாய்வைப் பாருங்கள். அந்த 24 செ.மீ.க்குள் சுவர்ப் பக்கம் ஏறக்குறைய 2.5 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. எண்ணெயின் ஆழத்தைப் போலச் சாய்வு மூன்றரை மடங்குக்கு மேல்.

எண்ணெயின் மேற்பரப்பு எப்போதும் மட்டமாக நிற்கப் பார்க்கும். அதனால் அந்த 30 மி.லி. சுவர்ப் பக்கம் ஏறக்குறைய 2 மி.மீ. ஆழத்துக்குத் தேங்கி, உங்கள் பக்கம் 6 செ.மீ. அகலத்துக்கு ஒன்றுமே இல்லாமல் விட்டுவிடும். அடி முழுவதும் நனையவேண்டும் என்றால் 54 மி.லி., அதாவது கிட்டத்தட்ட நான்கு மேசைக்கரண்டி ஊற்றவேண்டும். அடுப்பு சாய்ந்திருப்பதால் மட்டும் உங்களுக்கு எண்ணெய் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

உப்புக்கல் சொன்னதும் பொய்யில்லை. அதே அடியளவு உள்ள பாத்திரத்தில் 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கொதிக்கிறது என்றால், ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் ஆழ வித்தியாசம் அதே 2.5 மி.மீ.தான். நூறு மி.மீ.யில் அது ஒன்றுமே இல்லை. திரவத்தின் ஆழத்தோடு ஒப்பிட்டுத்தான் சாய்வு பெரிதா சிறிதா என்று சொல்லமுடியும். ஆழம் குறையக் குறைய அதே சாய்வு பூதாகாரமாகிறது.

உப்புக்கல்:

இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் பெரும்பாலும் குழிவான அடி உள்ள வாணலியில்தான் சமைக்கிறேன். எண்ணெய் எப்போதும் நடுவில்தான் கிடக்கிறது. அதனால்தான் இத்தனை வருடத்தில் எனக்கு இந்தச் சிக்கலே தெரியவில்லையோ?

பின்னக்கணக்கு:

அதேதான். உருண்டை அடி ஒரு பெரிய கோளத்தின் துண்டு. கோளத்தைச் சாய்த்தாலும் கோளம்தான். மிகத் தாழ்ந்த புள்ளி மட்டும் கொஞ்சம் நகரும். வளைவின் ஆரம் 20 செ.மீ. என்றால், இதே சாய்வில் எண்ணெய்க் குட்டையின் நடு 2 மி.மீ. நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். கரண்டியால் ஒருமுறை கிளறினால் அதுவும் தெரியாது. தட்டை அடிக்கு அப்படித் தாழ்ந்த புள்ளி என்று ஒன்று கிடையாது. அதனால் மிகச் சிறிய சாய்வும் எண்ணெய் எங்கே போகவேண்டும் என்று முடிவு செய்துவிடுகிறது.

அடுமனைக்காரி:

எல்லோரும் மேலே இருக்கும் பர்னரைப் பற்றியே பேசுகிறீர்கள். கீழே இருக்கும் ஓவனை மறந்துவிடாதீர்கள்! மேலே எண்ணெய் ஓடினால் வாணலியைத் திருப்பிக்கொள்ளலாம். உள்ளே கேக் மாவு ஓடினால் என்ன செய்வீர்கள்? கதவைத் திறந்து தட்டைத் திருப்பும் நேரத்தில் மாவு இறுகத் தொடங்கியிருக்கும், வெப்பமும் வெளியே போயிருக்கும்.

நான் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். உயரமான வட்ட டின்னில் மாவு 4 செ.மீ. இருந்தால் இவருடைய சாய்வில் இரண்டு மி.மீ. வித்தியாசம் வரும், மேலே தடவும் கிரீமில் அதை மறைத்துவிடலாம். ஆனால் சுருட்டுவதற்காக 40 செ.மீ. நீளத் தட்டில் மெல்லியதாக ஊற்றும் கேக்குக்கு மாவின் ஆழமே ஒரு செ.மீ.தான். நூற்றுக்கு ஒன்று சாய்வில் ஒரு முனை 12 மி.மீ., மறு முனை 8 மி.மீ. ஆகிவிடும். ஒன்றரை மடங்கு! மெல்லிய முனை காய்ந்து, சுருட்டும்போது உடையும். தடித்த முனை நடுவில் ஈரமாக இருக்கும். இரண்டு வருடம் என் செய்முறையில்தான் பிழை என்று நினைத்து, சர்க்கரையையும் முட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஒருநாள் ரசமட்டத்தை ஓவனுக்குள் கம்பித் தட்டின் மேல் வைத்தபோதுதான் காரணம் தெரிந்தது. அந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் சகோதரி, மட்டம் பார்ப்பதை மேலே மட்டும் பார்க்காமல் ஓவனின் நடுக் கம்பித் தட்டிலும் பாருங்கள். அடுப்பு ஆறியிருக்கும்போது. மேலும் கீழும் ஒரே சாய்வு என்றால் அடுப்பு முழுவதும் சாய்ந்திருக்கிறது. ஓவன் மட்டமாக இருந்து மேலே மட்டும் சாய்வு என்றால் பர்னர் மேல் வைக்கும் கம்பித் தாங்கியைப் பாருங்கள்.

அரைவட்டம்:

அடுப்பில் கைவைக்கும் முன்பு வாணலியையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் அடுப்பைக் குற்றம் சொல்லிக்கொண்டே இருந்தேன், குற்றவாளி வாணலி.

சோதனை இதுதான். அடுப்பைப் பற்றவைக்காமல் வாணலியில் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். எந்தப் பக்கம் தேங்குகிறது என்று பாருங்கள். அப்புறம் கைப்பிடி எதிர்ப்பக்கம் வரும்படி வாணலியை அரை வட்டம் திருப்புங்கள். எண்ணெய் மறுபடியும் சுவர்ப் பக்கமே போனால் அடுப்புச் சாய்வு. வாணலியோடு சேர்ந்து எண்ணெயும் திரும்பி உங்கள் பக்கம் வந்தால் வாணலி ஒரு பக்கம் கோணியிருக்கிறது. எண்ணெய் எந்தப் பக்கமும் போகாமல் ஓரம் முழுவதும் வளையம் போல நின்றால் வாணலியின் நடு மேடாகியிருக்கிறது.

கடைசியாகச் சொன்னது மிகச் சாதாரணமாக நடப்பது. சூடான வாணலியைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் உலோகம் சட்டென்று சுருங்கிக் கோணிப்போகும். புதிய வாணலிகளில் சிலவற்றைச் செய்யும்போதே அடியை உள்பக்கமாக மிகச் சிறிது எக்கி வைப்பார்கள், சூடேறி விரியும்போது தட்டையாகட்டும் என்று. அதைப் பழுது என்று எண்ணவேண்டாம்.

பின்னக்கணக்கு:

நல்ல சோதனை. "அடுப்பைப் பற்றவைக்காமல்" என்று சொன்னது முக்கியம், அதைக் கொஞ்சம் விரிக்கிறேன்.

சூடான வாணலியில் எண்ணெய் நடுவை விட்டு ஓரத்துக்கு நகர்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எண்ணெய் சூடேறச் சூடேற அதன் பரப்பு இழுவிசை குறையும். வாணலியின் நடு அதிகச் சூடாகவும் ஓரம் குறைந்த சூடாகவும் இருக்கும்போது, இழுவிசை அதிகமுள்ள ஓரம் நடுவிலுள்ள எண்ணெயைத் தன் பக்கம் இழுக்கிறது. படலம் மெலிந்து ஒரு கட்டத்தில் அறுந்து நடுவில் வறண்ட திட்டு உண்டாகும். ஒட்டாத வாணலியிலும் நடுவில் உணவு ஒட்டிக்கொள்வது இதனால்தான். செக் அறிவியல் கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் சூரியகாந்தி எண்ணெயை வைத்து இதை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். அவர்கள் சொன்ன வழிகள் நம் எல்லோராலும் முடிந்தவைதான்: எண்ணெய்ப் படலத்தைச் சற்றுத் தடிப்பாக்குவது, வாணலியின் பரப்பு முழுவதும் நனைய விடுவது, தீயை மிதமாக வைப்பது, அடி கனமான பாத்திரம், அடிக்கடி கிளறுவது.

ஆக அடுப்பை அணுவளவும் பிசகாமல் மட்டமாக்கினாலும் நடுவில் கொஞ்சம் வறட்சி வரலாம். அதைப் பார்த்துவிட்டு "மட்டம் பண்ணியும் பலனில்லை" என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே பக்கம் ஓடினால் சாய்வு, எல்லாப் பக்கமும் விலகினால் சூடு அல்லது வாணலியின் வடிவம்.

கடற்கரைப்பையன்:

பாய்மரப் படகுகளில் இருக்கும் அடுப்பைப் பற்றி இங்கே சொல்லத் தோன்றுகிறது. காற்றில் போகும்போது படகு 15, 20 பாகை சாய்ந்தபடியே மணிக்கணக்கில் ஓடும். அங்கே அடுப்பை இரண்டு பக்கமும் அச்சில் தொங்கவிட்டிருப்பார்கள். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு ஊஞ்சல் போல ஆடித் தானாக மட்டத்துக்கு வந்துவிடும். மேலே சுற்றிலும் கம்பி வேலி, பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளத் திருகுப் பிடிகள். அத்தனை சிறிய இடத்திலும், எடை கூடினாலும் பரவாயில்லை என்று இவ்வளவு செய்கிறார்கள் என்றால் மட்டத்தின் அருமை புரியும். அங்கே முதல் கவலை கொதிநீர் மேலே கொட்டாமல் இருப்பது. உணவு சமமாக வேகுமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அப்படிப்பட்ட அடுப்பில் ஓவன் கதவைத் திறந்தால் எடை முன்னால் வந்து அடுப்பே முன்பக்கம் கவியும். அதனால் திறக்கும் முன் அடுப்பை அசையாமல் பூட்டிக்கொள்வோம். வீட்டு அடுப்புக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

திருகுகால்:

இருக்கிறது. நான் வீட்டுச் சாதனங்கள் பழுதுபார்ப்பவன், படகு நண்பர் தொட்ட இடத்திலிருந்தே தொடர்கிறேன்.

தரையில் நிற்கும் அடுப்புகளோடு, பின்காலைப் பிடித்துக்கொள்ளும் ஒரு இரும்புப் பட்டை வரும். அதைச் சுவரிலோ தரையிலோ அடித்து, அடுப்பின் பின்கால் அதற்குள் நுழையும்படி தள்ளவேண்டும். ஓவன் கதவைத் திறந்துவைத்து ஒரு குழந்தை அதன்மேல் ஏறினாலோ, கனமான பாத்திரத்தைக் கதவின்மேல் வைத்தாலோ, இந்தப் பட்டை இல்லாத அடுப்பு முன்பக்கமாகக் கவிழ முடியும். மேலே கொதித்துக்கொண்டிருப்பதெல்லாம் குழந்தையின்மேல். இதை நான் சொல்லும்போது யாரும் அவசரமாக எடுத்துக்கொள்வதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். மட்டம் செய்கிறேன் என்று பின்காலைத் தூக்கும்போது அந்தக் கால் பட்டையிலிருந்து வெளியே வந்துவிடக் கூடாது.

அம்மா, உங்கள் அடுப்பில் பின்பக்கம் தாழ்வு. இரண்டு வழி: பின்கால்களை ஏற்றலாம் அல்லது முன்கால்களை இறக்கலாம். முன்கால்களில் திருகு உள்ளே போக இடம் மிச்சமிருந்தால் அதை இறக்குவதே நல்லது. அடுப்பை வெளியே இழுக்கவேண்டியதில்லை, கேஸ் குழாயைத் தொடவேண்டியதில்லை, பட்டையும் அப்படியே இருக்கும். பல அடுப்புகளில் கீழே இருக்கும் இழுப்பறையைக் கழற்றினால் முன்கால்கள் கைக்கு எட்டும். ஒருவர் முன்பக்கத்தை லேசாகத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் காலைத் திருகவேண்டும். பாரம் இருக்கும்போதே திருகினால் மரை கெடும், தரையும் கீறும்.

கால் போதாமல் அடியில் ஏதாவது வைக்கவேண்டி வந்தால் இரும்பு வாஷர் அல்லது தகடு வையுங்கள். மடித்த அட்டை, மரத்துண்டு வேண்டாம். அவை நசுங்கும், ஈரம் குடிக்கும், ஆறு மாதத்தில் மறுபடி சாயும். அடுப்பை எந்த அளவுக்கு நகர்த்தினாலும், முதலில் கேஸ் வால்வை மூடுங்கள். வேலை முடிந்ததும் வால்வைத் திறந்து இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். நுரை ஊதினால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

கடைசியில் நான்கு காலும் தரையில் ஊன்றியிருக்கிறதா என்று எதிரெதிர் மூலைகளை அழுத்திப் பாருங்கள். குமிழ் நடுவில் நின்றாலும் ஒரு கால் அந்தரத்தில் தொங்கலாம்.

சிறுகூடம்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையது மேடைமேல் வைக்கும் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு. ஒரு ரப்பர் கால் எங்கோ விழுந்துவிட்டது. காலுக்கு அடியில் மடித்த துணி வைத்திருக்கிறேன். இதுவும் சாய்வுக் கணக்கில் வருமா? மேலும் தூண்டல் (இண்டக்ஷன்) அடுப்புக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன், அதற்கு இந்தப் பிரச்சினை இருக்காதுதானே?

திருகுகால்:

அந்தத் துணியை இன்றே எடுத்துவிடுங்கள். அடுப்புக்கு அடியில் சூடும் உண்டு, எண்ணெயும் வழியும், பற்றிக்கொள்ளும். அடுப்பு ஆடுகிறது என்றால் சாய்வைவிட அதுவே பெரிய ஆபத்து, கிளறும்போது பாத்திரம் நகரும். அதே உயரத்தில் ரப்பர் கால் தனியாகக் கிடைக்கும். ஒன்று போயிருந்தால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள், ஏனென்றால் பழைய மூன்றும் தேய்ந்து தாழ்ந்திருக்கும்.

தூண்டல் அடுப்பிலும் எண்ணெய்க்கு அதே சாய்வுதான். கண்ணாடிப் பரப்பு வழுக்கும் என்பதால் லேசான பாத்திரம் தானாக நகரவும் செய்யும். அதோடு அங்கே வாணலியின் அடி தட்டையாக இருப்பது இன்னும் முக்கியம். கேஸ் தீ மேட்டையும் பள்ளத்தையும் ஒருவாறு தழுவிக்கொள்ளும். தூண்டலில் அடி கண்ணாடியை விட்டு விலகிய இடத்தில் சூடேறுவது குறையும்.

உப்புக்கல்:

இத்தனை படித்தபிறகு என் முதல் பதிலில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன். தட்டை வாணலியில் குறைந்த எண்ணெயில் சமைப்பவருக்கும், ஓவன் பயன்படுத்துபவருக்கும் மட்டம் தேவைதான். மற்றவர்கள் பதற வேண்டாம் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு சந்தேகம். முன்காலை இறக்கினால் அடுப்பின் முன் விளிம்பு மேடையைவிடத் தாழ்ந்துபோகுமே? மேடையில் சிந்தியதைத் துடைக்கும்போது எல்லாம் அந்த இடுக்கில் இறங்குமே?

ரசமட்டம்:

இறங்கும், அது உண்மை. மேடையே கோணல் என்றால் அடுப்பு மேடையோடு ஒட்டி நிற்கவேண்டுமா, பூமியோடு ஒட்டி நிற்கவேண்டுமா என்பதை வீட்டுக்காரர்தான் முடிவு செய்யவேண்டும். என்னைக் கேட்டால் பூமியோடு. இடுக்கை மூட அதற்கென்றே பட்டை இருக்கிறது, எண்ணெயை மேட்டுக்கு ஏற்ற ஒரு வழியும் இல்லை.

எல்லாச் சாதனத்துக்கும் இதே விதி என்றும் நினைக்கவேண்டாம். குளிர்சாதனப் பெட்டியைப் பெரும்பாலும் முன்பக்கம் சற்றே உயர்த்தி வைக்கச் சொல்வார்கள், கதவு தானாகச் சாத்திக்கொள்ளட்டும் என்று.

கிழக்குச்சன்னல்:

எல்லோருக்கும் என் நன்றி. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் வாணலிச் சோதனை. பற்றவைக்காமல் எண்ணெய் விட்டேன், சுவர்ப் பக்கம் போனது. கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பினேன், மறுபடியும் சுவர்ப் பக்கம். வாணலிமேல் குற்றமில்லை. அடுத்து ஓவனின் நடுக் கம்பித் தட்டில் ரசமட்டம் வைத்தேன், மேலே இருந்த அதே இரண்டு நூல். ஆக அடுப்பு முழுவதும் சாய்வு.

நேற்று மாலை என் தம்பி வந்தான். கேஸ் வால்வை மூடிவிட்டு, இழுப்பறையைக் கழற்றினோம். டார்ச் அடித்துப் பார்த்தால் பின்காலைப் பிடிக்கும் இரும்புப் பட்டையே அங்கே இல்லை! பழைய உறையைத் தேடியபோது, அதற்குள் திருகாணிகளோடு பிரிக்காமல் கிடந்தது. மாட்டித் தந்தவர் அதை எடுக்கவே இல்லை. வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. திருகுகால் அண்ணா, நீங்கள் எழுதியிராவிட்டால் நான் அதைப் பார்த்தே இருக்கமாட்டேன்.

பட்டையை மாட்டுவதற்காக அடுப்பை ஒருமுறை வெளியே இழுத்தே ஆகவேண்டியதாயிற்று. தம்பி துளை போட்டு அடித்தான். உள்ளே தள்ளியபின் பின்கால் பட்டைக்குள் போயிருக்கிறதா என்று கீழிருந்து பார்த்துக்கொண்டோம். அப்புறம் முன்கால்களை இறக்கினோம். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. இறங்கியது. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே 50 செ.மீ.தான் என்பதால் முழு 6 மி.மீ. தேவைப்படவில்லை, மூன்றரைச் சுற்றில் குமிழ் நடுவுக்கு வந்துவிட்டது. மூலைகளை அழுத்திப் பார்த்ததில் வலது முன்கால் தரையைத் தொடாமல் ஆடியது, அதற்குக் கால் சுற்று. கடைசியில் சோப்பு நீர் தடவினோம், நுரை இல்லை.

இன்று காலை முட்டை ஊற்றினேன். வட்டமாக, ஒரே தடிப்பாக நின்றது. எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டிதான். பின்னக்கணக்கு சொன்ன நடுத் திட்டு கொஞ்சம் தெரிந்தது, தீயைக் குறைத்ததும் மறைந்தது.

ஒன்றுதான் மிச்சம். இடது முன் பர்னரில் மட்டும் இன்னும் வலப்பக்கம் அதிகமாகச் சிவக்கிறது. எண்ணெய் ஓடவில்லை. நிறம் மட்டும் ஒரு பக்கம் கூடுதல்.

அரைவட்டம்:

எண்ணெய் ஓடாமல் நிறம் மட்டும் மாறினால் அது சாய்வு இல்லை, தீ. வாணலியை எடுத்துவிட்டுத் தீயைப் பாருங்கள். வலப்பக்கம் உயரமாக இருக்கிறதா?

கிழக்குச்சன்னல்:

ஆமாம், இடப்பக்கம் இரண்டு மூன்று துளைகளில் தீயே வரவில்லை.

திருகுகால்:

ஆறியபிறகு பர்னர் தொப்பியை எடுத்து, அடைத்த துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பல்குச்சி வேண்டாம், உள்ளே உடைந்து நின்றுவிடும். கழுவினால் முழுவதும் காயவிட்டு, தொப்பியை அதன் பள்ளத்தில் சரியாக உட்காரவைத்து மாட்டுங்கள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் தீ இப்படித்தான் ஒதுங்கும்.

சிறுகூடம்:

நான்கு ரப்பர் காலும் மாற்றிவிட்டேன். துணியை எடுத்தபோது அதன் ஒரு ஓரம் பழுப்பேறிப் பொரிந்திருந்தது.